அவிழ்த்து உலர்த்திய கலம்

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, கடற்கரைச் சாலையோரம் புதிதாக அமைத்திருந்த சிறு பூங்காவில் ஒரு கட்டுமரம் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தேன். சிமெண்டு மேடையின்மேல் ஐந்து கட்டைகளை அடுக்கி, இரும்புப் போல்ட்டுகளால் குறுக்கே இறுக்கி, நீலமும் மஞ்சளுமாக எண்ணெய் வண்ணம் பூசியிருந்தார்கள். போல்ட்டுகள் கண்ணில் படாதிருக்க, இரு முனையிலும் நைலான் கயிற்றை ஒப்புக்குச் சுற்றியிருந்தார்கள். என்னோடு வந்திருந்த மாமா, இருபது வயதுக்கு முன்பே கட்டுமரம் ஏறத் தொடங்கி அறுபது வயதுவரை தொழில் பார்த்தவர், அந்த மேடையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார், குனிந்து கயிற்றை விரலால் நெம்பிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, "இத எப்புடி மருமவனே அவுக்கிறது?" என்று கேட்டார்.

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்தக் கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததும் அதனால்தான்.

எங்கள் ஊர் நாகப்பட்டினத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் இடையில் கடலை ஒட்டிக் கிடக்கும் ஒரு சிறு மீனவர் கிராமம். துறைமுகம் கிடையாது, கழிமுகமும் இல்லை. நேர்கோடாக நீளும் மணல், அதன்மீது ஓயாமல் வந்து உடையும் அலை, அவ்வளவுதான். என் தாத்தா காலத்தில் ஊரில் எல்லாரும் தொழிலுக்குப் போனது கட்டுமரத்தில். பேச்சில் யாரும் கட்டுமரம் என்று முழுதாகச் சொல்லமாட்டார்கள். மரம் என்றாலே அதுதான். "மரம் வந்துடுச்சா?", "மரத்துல யாரு யாரு?" என்றுதான் கேட்பார்கள். ஆனால் அந்தப் பெயரின் உயிர் முன்பாதியில் இருக்கிறது. கட்டிய மரம், அதாவது இன்று விடியலில் கட்டியது, கரை சேர்ந்ததும் அவிழ்க்கப்படுவது. கடலில் இருக்கும் சில மணி நேரம் மட்டுமே அது கலம். மற்ற நேரமெல்லாம் மணலில் தனித்தனியாகக் காய்ந்துகொண்டிருக்கும் ஐந்து கட்டைகள். உலகில் வேறெந்தக் கப்பற்கலை மரபும் தன் கலத்தை ஒவ்வொரு நாளும் இப்படிப் பிரித்துப் போட்டு, மறுநாள் மறுபடி கட்டியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

தாத்தா மரம் கட்டுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கிழக்கு வெளுப்பதற்கு வெகுநேரம் முன்பே கட்டைகளைத் தண்ணீர் விளிம்புக்கு உருட்டிக் கொண்டுவந்துவிடுவார்கள். நடுமரம்தான் நீளமானது, அது சற்றே தாழ்ந்து இருக்க, இருபுறமும் உள்ள கட்டைகள் ஒரு கை கொஞ்சமாக மடங்கியதைப்போல் மேலேறி நிற்கும். முன்முனையான அணியத்தில் மேல்நோக்கி வளைந்த மூக்குக்கட்டைகள் வரும். இரு முனைகளிலும் குறுக்குக்கட்டை கொடுத்து, முந்தைய நாளே கடல்நீரில் ஊறவைத்த தென்னைநார்க் கயிற்றை, கட்டைகளில் அதற்கென்றே வெட்டிய பள்ளங்களில் பொருத்திச் சுற்றுவார்கள். தாத்தா ஒரு காலைக் கட்டைமேல் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுப்பார். கயிறு கிர்ரென்று ஒரு சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் வந்தபின் இன்னும் ஒரு இழுப்பு கிடையாது. நான் ஒருமுறை ஏன் என்று கேட்டதற்கு, "கடல் இழுக்கறதுக்கும் கொஞ்சம் வெச்சிருக்கணும்லடா" என்றார். நனைந்த நார் பருத்துத் தானாகவே இறுகும். கரையிலேயே முழு இறுக்கத்தையும் கொடுத்துவிட்டால், அலையில் கட்டைகள் அசைய இடமின்றிக் கயிறு அறுந்துபோகும் என்பது அதன் பொருள் என எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின.

ஏன் அவிழ்க்க வேண்டும்? மரம் தண்ணீர் குடிக்கும் என்பதே முதல் காரணம். தணக்கு, கல்யாண முருங்கை, மலைவேம்பு போன்ற எடை குறைந்த, மென்மையான மரங்களைத்தான் இதற்குத் தேர்ந்தெடுப்பார்கள். காற்று நிறைந்த மரம் என்பதாலேயே அது நன்றாக மிதக்கும். அதே காரணத்தால் நன்றாக ஊறவும் செய்யும். ஊறிய கட்டை கனத்து, மரம் நீருக்குள் இறங்கி நகரும், ஓட்டம் குறையும். பிரித்துப் போட்டால் ஒவ்வொரு கட்டையும் நாலாபுறமும் வெயிலும் காற்றும் படக் காயும். தாத்தா விரல் மூட்டால் கட்டையைத் தட்டி, வரும் ஓசையை வைத்தே அது காய்ந்துவிட்டதா, உள்ளே இன்னும் ஈரம் நிற்கிறதா என்று சொல்லிவிடுவார். பிரிப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. முழுமரத்தை உலர்ந்த மணல்மேட்டுக்கு ஏற்றப் பலர் வேண்டும்; ஒரு கட்டையைத் தூக்க இரண்டு பேர் போதும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதை யாரும் விளக்கிச் சொன்னதில்லை, நானாகக் கவனித்தது: ஐந்து கட்டைகளுக்கும் ஒரே வயது கிடையாது. ஒரு பக்கமரம் உளுத்துப்போனால் அதை மட்டும் மாற்றுவார்கள். தாத்தாவின் மரத்தில் நடுமரம் அவருடைய அப்பா காலத்தது என்று சொல்வார்கள். இடப்பக்கக் கட்டை என் அம்மாவின் கலியாணத்துக்குப் பிறகு வந்தது. அப்படியானால் அந்த மரம் எந்த வருடம் கட்டப்பட்டது? இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் பதிலே கிடையாது, கேட்டால் ஒருமாதிரியாகப் பார்ப்பார்கள்.

சோழமண்டலக் கரையின் அலைக்கு இதைவிடப் பொருத்தமான கலத்தை நினைத்துப்பார்ப்பது கடினம். உட்குழிவான படகில் அலை ஏறினால் தண்ணீர் உள்ளே நிற்கும்; இறைக்காவிட்டால் அது கவிழும். கட்டுமரத்தில் தண்ணீர் நிற்க இடமே இல்லை. மேலே ஏறிய அலை கட்டைகளின் இடுக்கு வழியாகவே கீழே போய்விடும். குப்புறக் கவிழ்ந்தாலும் ஆட்கள் நீந்தி வந்து நிமிர்த்தி, மறுபடி ஏறிக்கொள்வார்கள். மணலில் வந்து மோதும்போது ஆணி அடித்த பலகையாக இருந்தால் பிளக்கும். கயிற்றுக்கட்டு கொஞ்சம் நெளிந்து, அடியைத் தன்மேல் வாங்கிக்கொண்டு, மறுபடி நேராகிவிடும்.

வெளியிலிருந்து வந்தவர்கள் இதைப் பார்த்து முதலில் திகைத்திருக்கிறார்கள். ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளிவந்த தன் பயண நூலில் இந்தக் கரையின் கட்டுமரத்தை அதன் பெயரோடு குறிப்பிடுகிறார். ஒன்றிரண்டு இலேசான கட்டைகள்தான், ஒரே ஆள்தான், அவன் கால்கள் எப்போதும் தண்ணீருக்குள்தான் என்று அவர் எழுதியது இன்றைக்கும் பொருந்தும் வருணனை. சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், கப்பல்கள் கரைக்குத் தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நின்ற காலத்தில், வேறெந்தப் படகும் அலையைத் தாண்ட முடியாத நாட்களில் கடிதங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் கட்டுமரக்காரர்களே. கூம்பு வடிவத் தொப்பிக்குள் கடிதத்தை வைத்துக்கொண்டு அவர்கள் அலைக்குள் பாய்ந்ததையும், அலை தூக்கி எறிந்தால் நீந்திவந்து மறுபடி ஏறியதையும், கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்காரர்கள் பலர் வியந்து எழுதி வைத்திருக்கிறார்கள். உடம்பு முழுக்க நனைந்தாலும் தலை நனையாது என்ற நம்பிக்கையில் ஒரு அரசாங்கத்தின் தபாலே நடந்திருக்கிறது என்பது எனக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும்.

பெயர் அதன்பிறகு எங்கெங்கோ போய்விட்டது. 1876இல் அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நதானியல் ஹெர்ஷாஃப் இரண்டு ஒடுங்கிய உடல்களை இணைத்து அமாரிலிஸ் என்ற பாய்ப்படகைக் கட்டி, நியூயார்க் போட்டியில் மற்றவற்றையெல்லாம் பின்னுக்குத் தள்ளியபின், கேட்டமரான் என்ற சொல் இரட்டை உடல் படகுக்கே உரியதாகிவிட்டது. எங்கள் மரத்தில் இரட்டை உடல் எதுவும் இல்லை. சொல்லை மட்டும் கொண்டுபோனார்கள், கட்டையும் கயிறும் இங்கேயே கிடந்தன. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே நாங்கள் பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் இதைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறோம்.

கயிற்றை நம்பும் இந்தப் புத்தி கட்டுமரத்தோடு நின்றுவிடவில்லை. கரைவலை இழுக்கப் பயன்பட்ட படகும் ஆணி இல்லாமல் கட்டியதுதான். மசூலாப் படகு என்று பழைய ஆவணங்களில் வருவது இதுவே. பலகைகளின் விளிம்புகளில் வரிசையாகத் துளையிட்டு, இரு பலகைகளையும் ஒட்டிவைத்து, நடுவில் நார்த்திரணை கொடுத்து, தென்னைநார்க் கயிற்றால் துணி தைப்பதுபோல் தைத்துவிடுவார்கள். உள்ளே விலாக்கட்டைகள் கிடையாது. அலை அடிக்கும்போது அந்தப் படகின் வயிறு மூச்சு வாங்குவதுபோல் உள்ளே போய் வெளியே வருமாம். அதனாலேயே அது உடையாது. கசியும், அதை மறுக்க முடியாது. தண்ணீர் இறைக்கவென்றே ஒருவர் உள்ளே இருப்பார். தையல் நைந்தால் பிரித்து, பலகையை அப்படியே வைத்துக்கொண்டு, புதுக் கயிற்றால் மறுபடி தைப்பார்கள். தெற்கே தூத்துக்குடியில் நூற்றுக்கணக்கான டன் சரக்கேற்றும் தோணிகளைக் கட்டும் ஓடாவிகள் வரைபடம் இன்றிக் கண்ணளவால் கட்டினார்கள் என்று படிக்கும்போது எனக்கு வியப்பு வருவதில்லை. எங்கள் பக்கத்திலும் மரம் செதுக்கும் வாச்சியைக் கையில் எடுத்தவருக்கு அளவுகோல் தன் சாணும் முழமும்தான். ஆழம் அளப்பதும் உடம்பால்தான்: இரு கையையும் விரித்தால் வரும் பாகம். "ஏழு பாகத்துல வலை விட்டோம்" என்றால் சின்னப் பிள்ளைக்கும் கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று விளங்கும்.

கோலா மீனுக்குப் போன மரங்களைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கட்டுமரம் கரையோரத்துக் கலம் மட்டுமே என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கோலா என்பது பறவையைப்போலச் சிறகு விரித்து நீருக்குமேல் பாயும் மீன். கோடையில் அது முட்டையிட ஆழ்கடலில் கூட்டமாகக் கூடும். அதற்கென்று, வழக்கமான மரத்தைவிட அதிகக் கட்டைகளும் பெரிய பாயும் கொண்ட கோலா மரங்களைக் கட்டினார்கள். கரை கண்ணில் மறையும் தூரத்துக்குப் போய், இரவும் பகலும் கடலிலேயே தங்குவார்கள். நீளமான கயிற்றில் தழைக்கட்டுகளைக் கட்டி மிதக்கவிடுவார்கள். முட்டையிடப் பற்றுக்கோல் தேடும் மீன் அந்தத் தழையை நாடி வரும். ஒட்டும் இழைகளோடு கூடிய முட்டைகளை அதில் இட்டுச் செல்லும். அந்த நேரத்தில் கைவலையால் அள்ளுவார்கள். அக்காலச் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920இல் ஒரு விரிவான ஆய்வையும், பிறகு கோலா மீன்பிடிப்பைப் பற்றித் தனியே ஒரு கட்டுரையையும் எழுதினார். விஞ்ஞானிகளுக்கு அது முட்டையிடல் பற்றிய செய்தி. தழையைக் கட்டிய கைகளுக்கு அது ஏற்கனவே தெரிந்திருந்தது. இல்லாவிட்டால் மீன் பிடிக்கக் கடலுக்கு ஏன் இலையைக் கொண்டுபோகப் போகிறார்கள்?

அவ்வளவு தூரம் போனவர்கள் திரும்பிவந்தது காற்றையும் நட்சத்திரத்தையும் கொண்டுதான். மேற்கிலிருந்து கச்சான், கிழக்கிலிருந்து கொண்டல், வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து சோழகம் என்று காற்றுக்குத் திசையோடு சேர்ந்த பெயர் உண்டு. பின்னிரவில் ஆறாமீன் என்னும் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, விடிவெள்ளி எழுந்துவிட்டதா என்பதைப் பார்த்துக் கரைக்குப் புறப்படும் நேரத்தைக் கணிப்பார்கள். பகலில் கரை தெரியத் தொடங்கியதும் அடையாளங்கள் வந்துவிடும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு வடக்கே நாகூர் தர்காவின் மினாராக்கள், தெற்கே வேளாங்கண்ணிக் கோவிலின் கூர்முனைக் கோபுரங்கள். மினாராவில் உயரமானது 131 அடி. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக் கொடுத்தது. "மினாராவுக்கு நேரே அந்தப் பனங்கூட்டம் வந்துட்டா, தெக்கால கோபுரம் சவுக்குத் தோப்புக்கு வெளியே தெரிஞ்சா, கீழே பார் இருக்கு" என்று தாத்தா சொல்லிக்கொடுத்த ஒரு இடம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பார் என்றால் கடலடிப் பாறை. மீன் அடையும் இடம். இரண்டு நேர்கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளி என்று பள்ளிக்கூடத்தில் பின்னாளில் கணக்காசிரியர் கரும்பலகையில் போட்டபோது, அது எனக்குத் தெரிந்த விஷயமாகவே இருந்தது. நாகப்பட்டினத்தில் முன்பு சீனக் கோபுரம் என்று ஒன்று இருந்ததாம். சோழர் காலப் பௌத்த விகாரத்தின் நினைவாக நின்ற அந்தப் பழைய கோபுரம் 1867இல் இடிக்கப்படும்வரை மாலுமிகளுக்குக் கரையடையாளமாக இருந்தது. தர்காவும் தேவாலயமும் பௌத்தக் கோபுரமும் கடலிலிருந்து பார்த்தால் ஒரே வேலையைத்தான் செய்தன.

சைவத்துக்குள்ளும் இந்தக் கரையிலிருந்து ஒருவர் போயிருக்கிறார். அறுபத்துமூன்று நாயன்மார்களில் ஒருவரான அதிபத்தர் நாகப்பட்டினத்தை ஒட்டிய நுளைப்பாடியில் பிறந்த மீனவர். கிடைத்த மீனில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவது அவர் வழக்கம். ஒன்றே ஒன்று கிடைத்த நாளிலும் அதை விட்டார், பொன்மீன் கிடைத்த நாளிலும் விட்டார். ஆவணி ஆயில்யத்தில் நாகையில் அந்தத் தங்கமீன் விடும் விழா இன்றும் நடக்கிறது. சிறுவயதில் அதைப் பார்க்கக் கூட்டிப்போன பாட்டி, "நம்மாளு" என்று மட்டும் சொன்னார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, தாத்தாவின் கால்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் பொய் எழுதியவனாவேன். டாம்பியர் பார்த்த அந்தத் தண்ணீருக்குள் இருக்கும் கால்கள் மாலையில் வீட்டுக்கு வரும். முழங்காலுக்குக் கீழே தோல் வெளுத்து, குதிகாலில் விரல் நுழையும் அளவுக்குப் பிளவுகள். கட்டையில் மண்டியிட்டுத் துடுப்புப் போட்டதால் முட்டியில் காய்ப்பு. கயிறு உராய்ந்த இடத்தில் ஆறாத உப்புப்புண். பாட்டி விளக்கெண்ணெயைக் காய்ச்சி அந்தப் பிளவுகளுக்குள் ஊற்றும்போது அவர் வலி தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொள்வார். மார்கழிக் குளிரில் மரத்தில் போகிறவருக்குத் தலைப்பாகையைத் தவிரப் போர்த்திக்கொள்ள எதுவும் இல்லை. பாரம்பரியம் என்ற சொல்லை அன்று அவர் காதில் யாராவது போட்டிருந்தால், அந்த ஆளை மறுநாள் மரத்தில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார்.

அதனால் என்ஜின் வந்ததை நான் குறைசொல்ல மாட்டேன். இழுவைப்படகுகள் வந்து கரையோர மீனையும் இறாலையும் வாரத் தொடங்கியபின், துடுப்பையும் பாயையும் மட்டும் வைத்துக்கொண்டு பிழைக்க வழியில்லாமல் போயிற்று. கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரை சிறு தொழிலாளர்களுக்கு என்று 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் ஒதுக்கியதெல்லாம் தாளில் இருந்தது. வலை அறுந்தது கடலில் நடந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு நடத்திய வங்காள விரிகுடாத் திட்டம் 1980களில் இந்த அலையில் கரையேறக்கூடிய புதுப் படகுகளை வடிவமைத்துச் சோதித்தது. கன்னியாகுமரிப் பக்கம் முட்டத்தில் பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜிலே ஒட்டுப்பலகைப் படகுகளை உள்ளூர் ஆட்களோடு உட்கார்ந்து உருவாக்கினார். இவை மரத்தின் இடத்தை மெதுவாக, பேசிப் பேசிப் பிடித்திருக்கும். ஆனால் எங்கள் பக்கத்தில் மாற்றம் ஒரே காலையில் வந்தது.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அது ஞாயிற்றுக்கிழமை, மரங்களில் பாதி கரையில் பிரிந்து கிடந்தன. பிரிந்து கிடந்த கட்டைகள் தண்ணீரோடு தெருவுக்குள் வந்து சுவர்களையும் ஆட்களையும் இடித்தன. அதே கட்டைகளைப் பிடித்துக்கொண்டு பிழைத்தவர்களும் இருக்கிறார்கள். தாத்தா அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே போய்விட்டார். அவர் மரத்தின் ஐந்து கட்டைகளில் மூன்று, ஊருக்கு மேற்கே உப்பனாற்றங்கரை முள்காட்டில் கிடைத்தன.

அடுத்த ஓராண்டுக்குள் ஊர்க் கரை முழுக்க வெள்ளை ஃபைபர் படகுகள். உதவ வந்தவர்களின் மனதை நான் சந்தேகிக்கவில்லை. எண்ணிக் காட்ட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. படகு எண்ணுவதற்கு எளிதான பொருள். அவசரத்தில் ஆங்காங்கே முளைத்த பட்டறைகளில் வார்த்த சில படகுகள் இரண்டாம் மழைக்காலத்திலேயே அடிப்பக்கம் விரிசல் விட்டன. என் மாமாவுக்குக் கிடைத்தது அப்படிப்பட்ட ஒன்றுதான். அச்சில் இழைப்பாயை விரித்து, பிசினைத் தடவி, காய்ந்ததும் உரித்தெடுப்பது. ஓர் அச்சிலிருந்து நூறு படகு வேண்டுமானாலும் எடுக்கலாம், நூறும் ஒன்றுபோலவே இருக்கும். நன்றாக வார்த்த படகு நல்ல படகு: வேகம், தூரம், ஐஸ்பெட்டி வைக்க இடம், கால் நனையாத பயணம். அதற்கு வராதது ஒன்றுதான், அதைப் பிரிக்க முடியாது. உடைந்தால் ஒட்டலாம், ஒட்டவும் முடியாத நிலை வந்தால் அப்படியே கரையில் விட்டுவிட வேண்டியதுதான். உளுத்த கட்டை எங்கள் ஊரில் வாசல் திண்ணையாகவும், ஆட்டுக்கொட்டகையின் உத்தரமாகவும், கடைசியில் கல்யாண வீட்டு அடுப்பில் விறகாகவும் ஆனதுண்டு. பழைய ஃபைபர் கூட்டை எரிக்கவும் முடியவில்லை, புதைக்கவும் முடியவில்லை. ஊருக்கு வடக்கே அவை ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன, உள்ளே மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடுகிறது.

கரையும் போய்விட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இந்தக் கடற்கரை நெடுக மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். எங்காவது ஒரு தடுப்புக் கல்சுவரைக் கடலுக்குள் நீட்டினால், அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும்; சென்னைத் துறைமுகம் கட்டியபின் மெரினா அகன்றதும் ராயபுரம் கரைந்ததும் இப்படித்தான். அரிப்பு வந்த இடத்தில் கருங்கல்லைக் கொட்டுகிறார்கள். மரத்தை அவிழ்த்து உலர்த்த மணல் வேண்டும், அதுவும் அகலமான, சாய்வான மணல். கருங்கல் குவியலில் எதை உருட்டி ஏற்றுவது? நாளைக்கே யாராவது கட்டுமரத்துக்குத் திரும்பலாம் என்று ஆசைப்பட்டாலும் எங்கள் ஊரின் வடபாதியில் அதற்கு இடம் இல்லை.

பூங்காவிலிருந்து வந்த அன்று மாலை, மாமா வீட்டுப் பின்புறம் சாய்த்து வைத்திருந்த அந்த மூன்று கட்டைகளையும் வெளியே எடுத்தோம். எனக்குத்தான் ஆசை. மூன்று கட்டை மரம் ஒற்றை ஆளுக்குப் போதும், கரையோரத்தில் கொஞ்ச தூரம் போய்வரலாம் என்றேன். கயிறு கடையில் வாங்கிய நார்க்கயிறு. ஊறவைக்க எனக்குப் பொறுமை இல்லை. மாமா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான் காலை ஊன்றி, தாத்தாவைப்போலவே சாய்ந்து இழுத்தேன். கிர்ரென்று சத்தம் வந்தது. எனக்கு அது போதவில்லை, பயம், இன்னும் இரண்டு இழுப்பு இழுத்து, முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டேன்.

மறுநாள் காலை அலை குறைவாக இருந்தபோது இறக்கினோம். முதல் அலையைத் தாண்டினேன், இரண்டாவதிலும் மரம் நிமிர்ந்தே இருந்தது. மூன்றாவது அலை பக்கவாட்டில் வந்தது. அணியத்துக் கட்டு டப்பென்று அறுந்தது, இடப்பக்கக் கட்டை விலகிப்போய்த் திரும்பிவந்து என் தொடையில் இடித்தது, வாயெல்லாம் உப்புத் தண்ணீர். பின்முனையான அமரத்துக் கட்டு மட்டும் விடாமல் இருந்ததால், மூன்று கட்டையும் விசிறியைப்போல் விரிந்தபடியே என்னையும் இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தன. பையன்கள் நாலு பேர் ஓடிவந்து பிடித்தார்கள். அவர்களில் ஒருவன் கைப்பேசியில் படம் எடுத்துவிட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது.

அமரத்துக் கட்டை அவிழ்க்க முயன்றேன். ஈரத்தில் பருத்து, முடிச்சு கல்லாகியிருந்தது. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். ஒரு பையன் அரிவாள் எடுத்துவர வீட்டுக்கு ஓடினான். மாமா மெதுவாக மணலில் இறங்கி வந்தார், பக்கத்தில் குந்தினார், துடுப்பின் காம்பு நுனியை முடிச்சுக்குள் செருகி ஒரு திருகு திருகினார். நான் போட்ட அத்தனை முடிச்சும் ஒவ்வொன்றாக இளகின. கயிற்றைப் பிரித்துச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு, நடுமரத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. தூக்கு, அந்த மேட்டுல போட்டுக் காய வைப்போம்" என்றார்.